காட்டில் குடில் போடும் தம்பிமார் விடும் பிழைகள்

மட்டக்களப்பில் உன்னிச்சைப் பக்கமும் குடும்பிமலைப் பக்கமும் காட்டில் இரவு தங்கிப் பழக வரும் தம்பிமாரைப் பார்க்கச் சந்தோசம்தான். ஆனால் நாங்கள் தொடக்கத்தில் விட்ட அதே பிழைகளை அவர்களும் விடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தண்ணீர் கொண்டுபோ, டோர்ச் கொண்டுபோ என்பது எல்லாருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

யானை வழியில் குடில்

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். குளத்துக்கும் காட்டுக்கும் நடுவே பற்றை இல்லாமல், தரை அமுங்கி, யாரோ துப்புரவாக்கி வைத்ததுபோல ஓர் இடம் இருக்கும். கத்திக்கு வேலையே இல்லை, கண்ணுக்கு முன்னே குளம், உடனே கம்பை நட்டுவிடுவார்கள். துப்புரவாக்கியது யானை. வளர்ந்த யானை ஒரு நாளில் 100 லீற்றருக்கு மேலும் குடிக்கும், வெயில் தாழ்ந்ததும் தண்ணீர் தேடி வரும், நடந்து பழகிய வழியாலேயே வரும்.

ஒரு முறை மாடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் "மனே, அது ஆனை போற வழி, அங்கால போங்க" என்று ஒரு கூட்டத்திடம் சொன்னார். "நெருப்பு மூட்டினா வராது ஐயா" என்றார்கள். அன்றிரவே வந்தது. நெருப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் வயலில் யானையை விரட்டப் போடும் வெடிக்கே பழகிப்போனது நாலு விறகுக்கா பயப்படும்? அரிசிப் பையைத் தேடித் தறப்பாளைக் கிழித்துக் குடிலையும் மிதித்துவிட்டது. இருட்டில் ஓடிய ஒரு பையன் பள்ளத்தில் விழுந்து கால் முறிந்தான். மறுநாள் அவனைத் தூக்கி வர நாங்களும் போனோம், வீதிக்கு வந்து சேர மத்தியானமாகிவிட்டது.

ஆகவே கம்பு நடமுன் சுற்றி நடந்து பாருங்கள். மரத்தில் ஆளுயரத்துக்கு மேலே சேறு பூசியிருக்கிறதா, பட்டை உரசித் தேய்ந்திருக்கிறதா, பச்சை இலையோடு கொப்பு முறிந்து கிடக்கிறதா, இலத்தி ஈரமாக இருக்கிறதா? ஒன்று கண்டாலும் அந்த இடம் வேண்டாம். தண்ணீரை அள்ளிக்கொண்டு கரையை விட்டு எட்டப் போய், யானை ஏற முடியாத பெரும்பாறை உள்ள மேட்டில் தங்குங்கள். அரிசி, உப்பு, வாழைப்பழம் எதையும் தலைமாட்டில் வைக்காதீர்கள். அப்புறம், குளத்து நடுவில் இருக்கும் தீவுக்குப் போனால் பயமில்லை என்றும் எண்ண வேண்டாம். கல்லோயாவின் பெரிய நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரத்தில் யானைகள் தீவுக்குத் தீவு நீந்திப் போகின்றன.

தட்டைக் கூரை

மாரியில் ஒழுகும். 45 பாகையாவது சரிவு வேண்டும். கூரை வேயும் இலுக்குப் புல்லைக் கீழிருந்து மேலே அடுக்குங்கள், மேல் வரிசை கீழ் வரிசையை மூட வேண்டும். மேலிருந்து தொடங்கினால் ஒவ்வொரு வரிசையும் தண்ணீரை உள்ளே விடும். காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும், வாசலைத் தென்மேற்கில் வையுங்கள்.

ஓடை மணல்

காய்ந்து கிடந்தாலும் படுக்காதீர்கள். மேலே மலையில் மழை பெய்தால் போதும், ஓடையில் வெள்ளம் வந்துவிடும்.

வெறுந்தரையில் படுக்கை

புடையன் பாம்பு இருக்கிறது. முழ உயரத்திலாவது பரண் கட்டுங்கள்.

வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில் குடிலுக்குள் நெருப்பு

வேண்டவே வேண்டாம்.

பச்சை மரம் வெட்டுவது

அரசு ஒதுக்கிவைத்த காட்டில் அது குற்றம். விழுந்த கொப்பே போதும். கல்லோயா தேசியப் பூங்காவுக்குள் என்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் தங்கவே கூடாது.

காட்டில் கிடக்கும் இரும்பு

தொடாதீர்கள். போர் நடந்த காடு இது. இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, வந்த தடத்தாலேயே திரும்பிப் போய்ப் பொலிஸுக்குச் சொல்லுங்கள்.