ஹெட்ஃபோன் வாங்கும் முன் மெத்தையைக் கழற்றிப் பாருங்கள்

குறைந்த விலையில் ஹெட்ஃபோன் வாங்கும்போது, காதைச் சுற்றி அமரும் மெத்தையைக் கழற்றி மாட்ட முடிகிறதா, ஒயர் தனியாகப் பிரிகிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இருந்தால், அதே விலையில் கூடுதல் வசதிகளை அடுக்கும் வேறொன்றைவிட இதையே வாங்கலாம்.

ஒலி தரும் ஸ்பீக்கர் பகுதி கவனமாக வைத்திருந்தால் பல ஆண்டுகள் உழைக்கும். முதலில் கெடுவது பெரும்பாலும் மெத்தையும் ஒயரும்தான். செயற்கைத் தோல் வியர்வையில் உரிந்து, கருப்புத் துகள்களாகக் காதோரம் ஒட்டிக்கொள்ளும். உள்ளே உள்ள நுரை அமுங்கிவிட்டால் காது மடல் உட்புறத் துணியில் உரசி வலிக்கும்; இடைவெளி வழியே பாஸ் எனும் கனத்த தாழ் ஒலி கசிந்து பாட்டும் சப்பென்று ஆகிவிடும். ஒயரோ பிளக்கை ஒட்டிய இடத்தில் அறுந்துபோகும். இவற்றை மட்டும் மாற்றினால் பழைய ஹெட்ஃபோனே மீண்டும் சுகமாகிவிடும்.

மெத்தையின் குழிக்குள் காது மடல் முழுதாக அடங்க வேண்டும், இதில் சமரசமே வேண்டாம். மூக்குக் கண்ணாடி அணிபவர்கள் அதோடு சேர்த்தே மாட்டிப் பாருங்கள். கண்ணாடியின் கால் அழுத்தாமல் இருக்க, தடித்த வெல்வெட் மெத்தை நல்லது.

காதுக்குள் செருகும் வகைக்கு இந்தக் குறிப்பு பொருந்தாது. புளூடூத் ஹெட்ஃபோனில் பேட்டரியின் ஆயுளே முக்கியம். வெளிச் சத்தத்தைக் குறைக்கும் வகை ஹெட்ஃபோனில் வேறு நிறுவனத்தின் மெத்தையை மாட்டினால் அந்த வசதியின் திறன் குறையக்கூடும். அதற்கென விற்கும் மெத்தையையே வாங்குங்கள்.