மூலையில் முளைக்கும் ‘வைரஸ்’ எச்சரிக்கை: எதையும் இன்ஸ்டால் செய்வதற்கு முன் இதைப் பாருங்கள்

சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடைக் கணினியைச் சரிசெய்த கையோடு இதை எழுதுகிறேன். ஹால் டிக்கெட், பழைய வினாத்தாள், பிடிஎஃப் என்று நாள் முழுக்க யார் யாரோ எதையெதையோ டவுன்லோட் செய்யும் கணினி அது. திரையின் வலது கீழ் மூலையில் ‘உங்கள் ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது’, ‘5 வைரஸ்கள் உள்ளன’ என்று பெட்டி பெட்டியாக வந்துகொண்டே இருந்தது. ஃபார்மேட் அடித்துவிடலாமா என்று கேட்டார். அவசியமே இல்லை. இப்படி மூலையில் வருவது பெரும்பாலும் வைரஸே கிடையாது. எப்போதோ யாரோ ஒரு தளத்துக்குக் கொடுத்த அனுமதி. அதைத் திரும்ப வாங்கினால் வேலை முடிந்தது. அதை விட்டுவிட்டு நாலு கிளீனர் மென்பொருளை ஏற்றுவதால்தான் நிஜமான ஆட்வேர், அதாவது விளம்பரம் காட்டவே வரும் மென்பொருள், உள்ளே வருகிறது.

விண்டோஸும் குரோமும் வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். எட்ஜிலும் கிட்டத்தட்ட இதேதான். செட்டிங் பெயர்களை ஆங்கில மெனுவில் உள்ளபடி தருகிறேன். தமிழில் வைத்திருந்தால் பெயர் மாறும், இடம் மாறாது.

எது எங்கிருந்து வருகிறது?

பிரவுசரைச் சிறிதாக்கி வைத்தாலும், சில நேரம் மூடிய பிறகும், மூலையில் பெட்டி வந்தால் அது நோட்டிஃபிகேஷன். எந்தத் தளத்துக்குப் போனாலும் புது டேப் தானாகத் திறந்தால், கூகுளில் தேடினால் வேறெங்கோ கொண்டுபோய் விட்டால், அது எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் குட்டி மென்பொருள்) அல்லது கணினியில் உட்கார்ந்திருக்கும் மென்பொருள். ஒரே ஒரு தளத்தில் மட்டும் தொல்லை என்றால் அந்தத் தளமே அப்படித்தான். ஆட் பிளாக்கர் போடுங்கள், இல்லை அங்கே போகாதீர்கள்.

மூலையில் வரும் பெட்டியை மூடும் முன் ஒருமுறை உற்றுப் பாருங்கள். பெரிய எழுத்தில் பிரபல ஆன்டிவைரஸின் பெயர் இருக்கும், சிவப்புக் கேடயம் இருக்கும். அதெல்லாம் அவர்கள் அனுப்பிய எழுத்தும் படமும்தான். அதே பெட்டியில் பொடி எழுத்தில் குரோமின் பெயரும், கேள்விப்படாத ஒரு தள முகவரியும் இருக்கும். அந்தப் பொடி எழுத்தைத் தளத்தால் மாற்ற முடியாது, குரோம் போடுவது. கணினியில் நிஜமாகவே இருக்கும் ஆன்டிவைரஸ் தன் எச்சரிக்கையைத் தன் பெயரில் அனுப்பும், குரோம் வழியாக வராது. முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தளங்கள் நோட்டிஃபிகேஷன் அனுப்பும் இந்த வசதி குரோமுக்கு வந்தது 2015இல், 42ஆம் பதிப்பில். மெயில், சாட், செய்தித் தளங்களுக்காகக் கொடுத்ததை இந்த ஏமாற்று ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் அழுத்துங்கள்’, ‘வீடியோ பார்க்க அலவ் அழுத்துங்கள்’ என்று ஒரு பக்கம் வரும். நிஜமான கேப்ட்சா ஒருநாளும் அலவ் அழுத்தச் சொல்லாது.

பெட்டியில் தொலைபேசி எண் இருந்தால் கூப்பிடாதீர்கள். எடுப்பவர், தூரத்திலிருந்தே உங்கள் கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற ஒன்றை ஏற்றச் சொல்வார், மீதியை அவரே பார்த்துக்கொள்வார். ஏற்கெனவே கூப்பிட்டுப் பணம் போயிருந்தால் இந்தப் பதிவை ஓரமாக வைத்துவிட்டு 1930க்கு அழையுங்கள். இந்தியாவில் இணையப் பண மோசடிக்கான உதவி எண் அதுதான். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

படி 1: அனுமதியைத் திரும்ப வாங்குவது

மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். கீழே இறங்கினால் ‘அலவ்ட்’ என்ற தலைப்பில் ஒரு பட்டியல். சித்தப்பா கணினியில் திரையை உருட்ட வேண்டியிருந்தது. ஒரே பெயருக்கு முன்னால் எண்ணை மட்டும் மாற்றி மாற்றி வரிசையாகத் தளங்கள். ஒன்றைத் தடுத்தால் அடுத்தது பேசுவதற்காகத்தான் அப்படி.

ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று புள்ளி இருக்கும். அதில் ரிமூவ், பிளாக் இரண்டும் உண்டு. பிளாக்கையே அழுத்துங்கள். ரிமூவ் என்றால் அந்தத் தளத்தைப் பற்றிய நினைவையே குரோம் அழித்துவிடும். அடுத்த முறை போனால் திரும்பக் கேட்கும், யாராவது திரும்ப அலவ் அழுத்துவார்கள்.

பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். அதே பக்கத்தின் மேலே ‘டோன்ட் அலவ் சைட்ஸ் டு சென்ட் நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திவிட்டு ‘அப்படியும் வருகிறதே’ என்பார்கள். வரத்தான் செய்யும். அந்தப் பொத்தான் இனிமேல் கேட்கப்போகும் தளங்களுக்கு மட்டும்தான். ஏற்கெனவே அனுமதி வாங்கி உள்ளே இருப்பவர்களை அது தொடாது. முதலில் பட்டியலைக் காலி செய்யுங்கள், பிறகு அந்தப் பொத்தானை அழுத்துங்கள். மெயில், வாட்ஸாப் வெப் மாதிரி தேவைப்படுபவை பட்டியலில் இருக்கட்டும், அவை பாட்டுக்கு வேலை செய்யும்.

ஹிஸ்டரியை அழித்தால் போகாதா என்றால், பொதுவாகப் போகாது. டெலீட் பிரவுசிங் டேட்டாவில் (பழைய குரோமில் கிளியர் பிரவுசிங் டேட்டா) ‘சைட் செட்டிங்ஸ்’ என்பதை டிக் செய்தால்தான் அனுமதிகளும் போகும். குரோமையே எடுத்துவிட்டுத் திரும்ப ஏற்றினாலும் இதே கதைதான்; எடுக்கும்போது தரவையும் அழிக்கச் சொல்லாவிட்டால் உங்கள் செட்டிங்கும் அனுமதிகளும் இருக்கும் பழைய புரொஃபைல் அப்படியே காத்திருக்கும்.

மூலைப் பெட்டி மட்டும்தான் பிரச்சினை என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படி 2: எக்ஸ்டென்ஷன்

எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தைத் திறந்து எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பிடிஎஃப் கன்வெர்ட்டர், வீடியோ டவுன்லோடர், கூப்பன் தருவது, புது டேப் பக்கத்தை அழகாக்குவது, இந்த வகையைத்தான் முதலில் சந்தேகிப்பேன். இன்காக்னிட்டோவில் திறந்து பார்ப்பது நல்ல குறுக்கு வழி: அங்கே எக்ஸ்டென்ஷன்கள் இயல்பாக ஓடாது. அங்கே தொல்லை இல்லை என்றால் குற்றவாளி எக்ஸ்டென்ஷன்தான் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம்.

படி 3: ரிமூவ் பொத்தானே இல்லாத எக்ஸ்டென்ஷன்

என் நேரத்தை அதிகம் தின்றது இது. ஒரு எக்ஸ்டென்ஷனுக்கு மட்டும் ரிமூவ் இல்லை, அணைக்கும் சுவிட்ச் மங்கிக் கிடந்தது. மூன்று புள்ளி மெனுவின் அடியில் ‘மேனேஜ்ட் பை யுவர் ஆர்கனைசேஷன்’ என்று ஒரு வரி. ஜெராக்ஸ் கடைக்கு ஏது ஆர்கனைசேஷன்?

பெரிய அலுவலகங்கள் நூற்றுக்கணக்கான கணினிகளில் ஒரே எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக ஏற்ற குரோம் ஒரு வழி வைத்திருக்கிறது, அதற்குப் பெயர் பாலிசி. ஆட்வேர் அதே வாசலில் நுழைகிறது. 2024 ஆகஸ்டில் ரீசன்லேப்ஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட அறிக்கையில் இருப்பதும் இதே உத்திதான்: விஎல்சி, கீபாஸ் போன்ற பிரபல மென்பொருள்களின் பெயரில் போலி டவுன்லோட் பக்கங்கள், ஏற்றியதும் குரோமிலும் எட்ஜிலும் கட்டாய எக்ஸ்டென்ஷன். குறைந்தது 3 லட்சம் பேர் சிக்கியதாகச் சொன்னார்கள்.

முகவரிப் பட்டியில் ஆங்கிலத்தில் குரோம் என்று அடித்து, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பிறகு பாலிசி என்று அடித்து எண்டர் தட்டுங்கள். ‘எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்’ என்ற வரியில் இடைவெளி இல்லாத 32 எழுத்துக் குழப்பம் ஒன்று தெரிந்தால், அதுதான் அந்த எக்ஸ்டென்ஷனின் அடையாளம். எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தில் டெவலப்பர் மோடைப் போட்டால் ஒவ்வொன்றின் கீழும் இதே போன்ற எழுத்துகள் தெரியும். இரண்டும் பொருந்துகிறதா பாருங்கள்.

இந்தப் பாலிசி ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடத்தில், இருக்கிறது. அங்கே போய் அழித்தால் போகும். ஆனால் அழித்துவிட்டு கணினியை மறுபடி போட்டால் திரும்ப முளைத்திருக்கும். காரணம், வேலைகளைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலை ஒளிந்திருந்து அதைத் திரும்பத் திரும்ப எழுதும். அதனால் வரிசை முக்கியம்.

முதலில் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, இடதுபக்கம் லைப்ரரியை அழுத்தி, ஒவ்வொரு வேலையிலும் ஆக்‌ஷன்ஸ் டேபைப் பாருங்கள். பவர்ஷெல் அல்லது சிஎம்டி பெயரோடு, புரியாத ஃபோல்டரில் உள்ள ஸ்கிரிப்ட்டையோ இணைய முகவரியையோ கூப்பிடும் வேலை இருந்தால் அதுதான் ஆள். முதலில் டிசேபிள் மட்டும் செய்யுங்கள், உறுதியான பிறகு டெலீட் செய்யலாம். மைக்ரோசாஃப்ட், கூகுள் அப்டேட், பிரிண்டர், கிராஃபிக்ஸ் கார்டு பெயரில் இருப்பவற்றில் கை வைக்க வேண்டாம்.

பிறகு ரெஜிஸ்ட்ரி எடிட்டர். ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம். அந்தக் கடைசி குரோமை ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு நகலை டெஸ்க்டாப்பில் வைத்துக்கொண்டு, டெலீட் செய்யுங்கள். பாதையில் ‘பாலிசீஸ்’ இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். சாஃப்ட்வேருக்கு நேர் கீழேயும் ஒரு கூகுள், அதற்குள் ஒரு குரோம் உண்டு. அது வேறு, அதைத் தொடக் கூடாது. இதே பாதை ஹெச்கீ கரன்ட் யூசரிலும் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அங்கேயும் அழியுங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்து பாலிசி பக்கத்தைத் திறந்தால் காலியாக இருக்க வேண்டும்.

அலுவலக லேப்டாப், கல்லூரி கொடுத்த கணினி என்றால் இந்தப் படியை விட்டுவிடுங்கள். அங்கே ஆர்கனைசேஷன் நிஜமாகவே இருக்கிறது. சில ஆன்டிவைரஸ்களும் நல்ல நோக்கத்தில் பாலிசி வைப்பதுண்டு.

படி 4: மிச்சம் மீதி

செட்டிங்ஸில் இன்ஸ்டால்ட் ஆப்ஸ் போய், தேதி வாரியாக அடுக்கி, தொல்லை தொடங்கிய நாளையொட்டி வந்தவற்றைப் பாருங்கள், தெரியாததை எடுங்கள். டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஐகானை ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸில் டார்கெட் வரியையும் பாருங்கள். குரோம் டாட் இஎக்ஸ்இ என்பதற்குப் பின்னால் இணைய முகவரி ஏதாவது ஒட்டியிருந்தால் அதை அழியுங்கள். புரொஃபைல் டைரக்டரி என்று இருந்தால் அது சரியானதுதான், இருக்கட்டும்.

ஸ்கேன் செய்ய நான் நம்புவது ஆட்வ்கிளீனர். 2016இல் இதை மால்வேர்பைட்ஸ் என்ற கம்பெனி வாங்கியது. இலவசம், இன்ஸ்டால் செய்யவே வேண்டாம், திறந்து ஓட்டினால் போதும். முடிவில் கணினிக் கம்பெனி தானாகப் போட்டுக் கொடுத்த மென்பொருள்களையும் தனியாகக் காட்டும். வேண்டுமானவற்றின் டிக்கை எடுத்துவிட்டு மற்றதை குவாரன்டைன் கொடுங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பில் இறக்காதீர்கள், மால்வேர்பைட்ஸ் தளத்துக்கே போங்கள். ரெஜிஸ்ட்ரி கிளீனர், பிசி பூஸ்டர் வகையறா எதையும் என் கணினியில் நுழைய விடமாட்டேன்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல், ரெபுடேஷன் பேஸ்ட் புரொடெக்‌ஷன் என்று போய், பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங் போட்டிருக்கிறதா பாருங்கள். ஆட் பிளாக்கர் விஷயத்தில் எனக்கு யுபிளாக் ஆரிஜின்தான். குரோம் தன் விதிகளை மாற்றியபின் அங்கே லைட் பதிப்புதான் கிடைக்கிறது, முழுசாக வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸ். ஃபயர்ஃபாக்ஸில் இன்னொரு லாபம்: 2020 ஜனவரியில் வந்த 72ஆம் பதிப்பிலிருந்து, பக்கத்தைத் திறந்ததும் நோட்டிஃபிகேஷன் கேள்வி குதிப்பது கிடையாது, நாம் ஏதாவது அழுத்தினால்தான் கேட்க முடியும்.

பின்சேர்க்கை

‘எடுத்த எக்ஸ்டென்ஷன் மறுநாள் திரும்ப வந்துவிட்டது, பாலிசியும் இல்லை’ என்று கருத்துப் பகுதியில் ஒருவர் கேட்டிருந்தார். ஒரே கூகுள் கணக்கு வீட்டில் இன்னொரு கணினியிலும் இருந்தால், சிங்க் (ஒரே கணக்கில் உள்ள கணினிகளை ஒன்றுபோல வைக்கும் வசதி) வழியாக அங்கிருந்து வந்திருக்கும். இரண்டு கணினியிலும் சிங்கை நிறுத்தி, இரண்டிலும் எடுத்துவிட்டு, பிறகு சிங்கைப் போடுங்கள்.

ஆண்ட்ராய்டு போன் பற்றியும் நிறையப் பேர் கேட்டார்கள். நோட்டிஃபிகேஷனை அழுத்திப் பிடித்தால் எந்த ஆப் அனுப்பியது என்று தெரியும். குரோம் என்றால் மேலே சொன்ன அதே செட்டிங் போனிலும் உண்டு. ஆனால் சும்மா இருக்கும்போதே திரை முழுக்க விளம்பரம் வந்தால் அது ஏதோ ஓர் ஆப்பின் வேலை. விளம்பரம் தெரியும்போதே ரீசன்ட்ஸ் பொத்தானைத் தட்டினால், அந்த அட்டையின் மேல் ஆப்பின் ஐகான் இருக்கும். ஐகான் வெறுமையாக இருந்தால் அதை அழுத்தி ஆப் இன்ஃபோ போங்கள். செட்டிங்ஸில் ‘டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்’ பட்டியலையும் பாருங்கள். டார்ச்சுக்கும் வால்பேப்பருக்கும் அங்கே என்ன வேலை? அன்இன்ஸ்டால் மங்கிக் கிடந்தால் டிவைஸ் அட்மின் ஆப்ஸில் அதற்குள்ள டிக்கை எடுத்துவிட்டு முயலுங்கள்.

ஐபோனில் ‘உங்கள் போனில் வைரஸ்’ என்று காலண்டர் நினைவூட்டலாக வருகிறது என்றார் இன்னொருவர். அது காலண்டர் சப்ஸ்கிரிப்ஷன். நிகழ்ச்சியை ஒவ்வொன்றாக அழித்துப் பயனில்லை. காலண்டர் ஆப்பின் அடியில் உள்ள காலண்டர்ஸை அழுத்தி, தெரியாத பெயரின் பக்கத்தில் உள்ள ‘ஐ’ குறியைத் தட்டி, அன்சப்ஸ்கிரைப் அல்லது டெலீட் கொடுத்தால் மொத்தமும் போய்விடும்.