தீர்ப்புக்கு முன் ஒரு கொலை வழக்கைப் பற்றி எழுதுவது எப்படி

மூதூரிலோ நிலாவெளியிலோ ஒரு சடலம் மீட்கப்பட்டால், பொலிஸார் அந்த இடத்தைச் சுற்றி நாடா கட்டி முடிப்பதற்குள் அதன் படம் திருகோணமலை மாவட்டத்தின் வட்ஸ்அப் குழுக்களை வலம்வரத் தொடங்கிவிடுகிறது. மாலைக்குள் கைதானவரின் பெயரும் ஊரும் வெளியாகின்றன. இரவுக்குள் கொலைக்கான காரணத்தையும் யாரோ ஒருவர் எழுதிவிடுகிறார். எழுதுபவர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். தம் ஊரில் நடந்ததை ஊராருக்கும், வெளிநாட்டிலிருந்து பதறிக்கொண்டு கேட்கும் உறவினருக்கும் சொல்ல வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். பேஸ்புக் பக்கமோ, சிறு செய்தித்தளமோ, யூடியூப் அலைவரிசையோ நடத்தும் அத்தகையோருக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

அடிப்படை விதி ஒன்றுதான். பின்னர் வருபவை எல்லாம் அதிலிருந்து கிளைப்பவை. நீங்கள் இன்று எழுதும் ஒவ்வொரு வாக்கியமும், தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் உண்மையாகவே நிற்க வேண்டும். கற்பனையாக ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். "இளைஞனைக் குத்திக் கொன்றவன் சிக்கினான்" என்று எழுதினால், அந்த நபர் விடுதலையாகும் நாளில் அது பொய்யாகிவிடும். "இளைஞர் ஒருவர் உயிரிழந்த சம்பவம் தொடர்பில் சந்தேகத்தின் பேரில் ஒருவர் கைது செய்யப்பட்டு, நீதவான் முன்னிலையில் ஆஜர்செய்யப்பட்டபோது, அவரை விளக்கமறியலில் வைக்குமாறு உத்தரவிடப்பட்டது" என்று எழுதினால், பத்து வருடங்கள் கழித்து வாசிப்பவருக்கும் அதில் பிழையிராது. இரண்டாவது வாக்கியம் நீளமானது, பரபரப்பற்றது, பகிர்வுகளும் குறைவாகவே கிடைக்கும். அந்த நட்டத்தை ஏற்க விரும்பாதவர் கொலை வழக்குகளைப் பற்றி எழுதாமல் இருப்பதே நல்லது.

வழக்கு எந்தப் படியில் நிற்கிறது

எழுதத் தொடங்குமுன் வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, பிடியாணையின்றிக் கைது செய்யப்பட்டவரைப் பொலிஸார் பொதுவாக 24 மணித்தியாலங்களுக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். அங்கு பொலிஸார் சமர்ப்பிக்கும் 'பீ' அறிக்கை அவர்களுடைய அப்போதைய நிலைப்பாடு மட்டுமே. நீதிமன்றத்தின் கண்டறிதல் அன்று. பின்னர் நீதவான் நீதிமன்றத்தில் சுருக்கமுறையற்ற விசாரணை நடைபெற்று, போதிய சான்று இருப்பதாகக் கண்டால் வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் பாரப்படுத்தப்படும். சட்டமா அதிபர் குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்த பிறகே உண்மையான விளக்கம், அதாவது மேல் நீதிமன்றத்தின் முழு வழக்கு விசாரணை, தொடங்கும். குற்றப்பத்திரிகை வரும்வரை அவர் சந்தேகநபர், வந்தபின் குற்றஞ்சாட்டப்பட்டவர், மேல் நீதிமன்றம் குற்றவாளியெனத் தீர்ப்பளித்தால் மட்டுமே குற்றவாளி. குற்றவாளியென எண்பிக்கப்படும்வரை ஒவ்வொருவரும் சுத்தவாளியென ஊகிக்கப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 13(5) ஆம் உறுப்புரை கூறுகிறது.

இங்கே பலர் சறுக்கும் இடம் பிணை. கொலைச் சந்தேகநபருக்கு நீதவான் பிணை வழங்க முடியாது. 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டப்படி அந்த அதிகாரம் மேல் நீதிமன்றத்துக்கே உண்டு. ஆகவே ஒருவர் மாதக்கணக்கில் விளக்கமறியலில் இருப்பதை அவருக்கு எதிரான சான்று வலுவானது என்பதற்கு அடையாளமாக எழுதக்கூடாது. அதேபோல், மேல் நீதிமன்றம் பிணை வழங்கினால் "தப்பிவிட்டார்" என்று எழுதுவதும் தவறு. பிணை என்பது விடுதலை அன்று.

வழக்கு நீதவான் நீதிமன்றப் படியிலேயே நின்றுவிடவும் கூடும். 2006 ஜனவரி 2 ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட 13 சந்தேகநபர்களையும் போதிய சான்று இல்லை எனக் கூறி 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. பதின்மூன்று வருடங்களுக்குப் பின்னரும் அது மேல் நீதிமன்ற விளக்கத்தைக் காணவில்லை. இதைப் பற்றி எழுதுபவர், ஐந்து பேரும் கொல்லப்பட்டார்கள் என்பதையும், யார் கொன்றார்கள் என்பதை எந்த நீதிமன்றமும் தீர்மானிக்கவில்லை என்பதையும் ஒரே பந்தியில் சொல்ல முடிய வேண்டும். இரண்டுமே உண்மை, ஒன்றை மட்டும் சொல்வதில்தான் அநீதி நுழைகிறது.

"குற்றத்தை ஒப்புக்கொண்டார்"

கைது நடந்த மறுநாளே பெரும்பாலும் வரும் தலைப்பு இது. கூடியவரை இதை எழுதாதீர்கள். பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளிக்கப்பட்ட குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக எண்பிக்க முடியாது எனச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு விதிக்கிறது. தடுப்புக்காவலில் இருக்கும்போது சொன்னதும், நீதவானின் உடனடி முன்னிலையில் சொல்லப்பட்டாலன்றி, 26 ஆம் பிரிவின்படி அவ்வாறே ஒதுக்கப்படும். ஒப்புதலின் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதனுடன் தொடர்புடைய பகுதியை மட்டும் 27 ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பயங்கரவாதத் தடைச்சட்டம் இதற்கு விலக்கு என்பதும், அந்த விலக்கே நீண்டகாலக் கண்டனத்துக்கு உள்ளாகியிருப்பதும் நம் வாசகர்கள் அறிந்தவை. மேல் நீதிமன்ற நீதிபதியின் காதில் விழக்கூடாது எனச் சட்டம் ஒதுக்கிய ஒன்றைப் பல்லாயிரம் பேரின் கைத்தொலைபேசிக்கு அனுப்புவது எவ்வாறு செய்தியாகும் என்பதை எழுதுபவர்தான் விளக்க வேண்டும்.

இது வெறும் சட்ட நுணுக்கம் எனக் கருதுவோர் 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவையில் நடந்ததை எண்ணிப்பார்க்கலாம். சிறுமி ஒருவரின் கொலை தொடர்பில் முதலில் 17 வயது மாணவன் ஒருவரும் மற்றொருவரும் கைது செய்யப்பட்டனர். மரபணுப் பரிசோதனை பொருந்தாததால் விடுவிக்கப்பட்டனர். அடுத்து இன்னொருவர் கைதாகி, குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் செய்திகள் வெளிவந்தன; மரபணுப் பரிசோதனை அவரையும் விலக்கியது. இறுதியில் அவருடைய சகோதரரையே 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் குற்றவாளியாகக் கண்டு மரண தண்டனை விதித்தது. முதல் வாரத்தில் "கொலைகாரன்" என எழுதியவர்கள் எல்லோரும் தவறான ஆளையே சுட்டியிருந்தார்கள்.

எனவே பொலிஸ் பேச்சாளர் ஒப்புதல் பற்றிப் பகிரங்கமாகக் கூறி, அதைத் தவிர்க்க முடியாத நிலை வந்தால், அது பொலிஸாரின் கூற்று என்பதை அதே வாக்கியத்தில் எழுதுங்கள். அத்தகைய கூற்று சாட்சியமாக ஏற்கப்படுவதற்குச் சட்டம் விதிக்கும் தடையை அடுத்த வாக்கியத்தில் எழுதுங்கள். தலைப்பில் அதை வைக்கவே வேண்டாம், ஏனெனில் பகிரப்படுவது தலைப்பே.

படங்கள்

சந்தேகநபரின் முகத்தை வெளியிடுவதால் நீங்கள் கெடுக்கக்கூடியது வழக்குத் தொடுநரின் வழக்கையே. கண்கண்ட சாட்சி இருக்கும் வழக்குகளில் நீதவான் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடத்தப்படும். சந்தேகநபரை முகத்தை மூடி நீதிமன்றத்துக்கு அழைத்து வருவதன் காரணமும் அதுதான். சாட்சி அந்த முகத்தை ஏற்கனவே பேஸ்புக்கில் பார்த்திருந்தால், அவர் அடையாளம் காட்டியது சம்பவத்தன்று கண்டவரையா, திரையில் கண்டவரையா என எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்பார், கேட்கவும் வேண்டும். கடையின் சிசிரிவி கமெராப் பதிவு உங்கள் கைக்குக் கிடைத்தால், அதை வெட்டி, பாட்டுச் சேர்த்து வெளியிடாமல், மூலப் பதிவை அழியாமல் பாதுகாக்கும்படி கடைக்காரரிடம் சொல்லி, விசாரணையாளர்களிடம் சேர்ப்பியுங்கள்.

இறந்தவரின் உடலைக் காட்டும் படத்தைப் பொறுத்தவரை எனது நிலைப்பாடு ஏறத்தாழ முழுமையான மறுப்பு. குடும்பத்தினர் செய்தியை அறியுமுன் சடலத்தின் படத்தைக் காண்பதும், அந்தியேட்டி முடிந்த பின்னரும் அதே படம் யாரோ ஒருவரின் பக்கத்திலிருந்து மீண்டும் எழுந்து வருவதும் இங்கு வழமையாகிவிட்டன. ஆயினும் "ஏறத்தாழ" என்று சொல்வதற்குத் திருகோணமலையிலேயே ஒரு காரணம் உண்டு. மேற்சொன்ன ஐந்து மாணவர்களும் கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று படைத்தரப்பு கூறியபோது, அவர்களின் உடல்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததை வெளிக்காட்டியவை 'சுடர் ஒளி' செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். 2006 ஜனவரி 24 ஆம் திகதி அவர் இந்நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதிகாரத்தில் இருப்போரின் ஒரு கூற்றைப் பொய்ப்பிக்கும் படம் வேறு. துயரத்தை விற்கும் படம் வேறு. உங்கள் கையில் இருப்பது எது என்பதை, அந்தப் படம் எந்தக் கேள்விக்கு விடை தருகிறது என்று கேட்டுத் தீர்மானிக்கலாம். எந்தக் கேள்விக்கும் விடை தராவிட்டால் அது வெளியே போக வேண்டியதில்லை.

எழுதக்கூடாத விவரங்கள், எழுத வேண்டிய கேள்விகள்

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் மாவட்டம் இது. சந்தேகநபரின் பெயரே அவருடைய சமூகத்தைச் சொல்லிவிடும் என்பதால், பெயரை வெளியிடுவதற்கு முன் இரு மடங்கு யோசிக்க வேண்டும். இனமோ மதமோ குற்றச்சாட்டின் பகுதியாக நீதிமன்றத்தில் முன்வைக்கப்படாதவரை, அது வாக்கியத்தில் வருவதற்கு எந்தத் தேவையும் இல்லை. பெயரை மறைத்துவிட்டு, வீதி, தொழில், வயது, பிள்ளைகள் படிக்கும் பாடசாலை ஆகியவற்றை எழுதுவதும் பெயரை எழுதுவதற்குச் சமமே. இரவில் கல் விழுவது அவருடைய வீட்டுக் கூரையில். உள்ளே இருப்பது அவருடைய தாயும் பிள்ளைகளும்.

சாட்சிகளைப் பற்றி இன்னும் கடுமையாக இருங்கள். "அயல்வீட்டுப் பெண் ஒருவர் கண்டதாகக் கூறினார்" என்பது கொழும்பு வாசகருக்கு அநாமதேயம். சம்பூரில் அது ஒரே ஒருவர். சாட்சிகளுக்கும் பாதிக்கப்பட்டோருக்கும் பாதுகாப்பளிக்கும் 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் சாட்சியை அச்சுறுத்துவதைக் குற்றமாக்குகிறது. அந்த அச்சுறுத்தலுக்கு முகவரி தருபவராக நீங்கள் ஆகிவிடக்கூடாது. கொலையுடன் பாலியல் குற்றமும் சேர்ந்திருந்தால், பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் 365 இ பிரிவின் கீழ் தண்டனைக்குரியதாகலாம் என்பதை மறக்க வேண்டாம். சிறுவர்களை, அவர்கள் வழக்கின் எந்தப் பக்கத்தில் இருந்தாலும், அடையாளம் காட்ட வேண்டாம்.

காரணம் பற்றிய ஊகங்களே, குறிப்பாக இறந்தவர் பெண்ணாக இருக்கும்போது, அதிக கேட்டை விளைவிக்கின்றன. அவருடைய ஒழுக்கத்தைப் பற்றிய கிசுகிசு முதல் நாளிலேயே 'பின்னணி' என்ற பெயரில் வந்துவிடுகிறது. மறுக்க அவர் உயிரோடு இல்லை. சட்டரீதியாகவும் அது ஆபத்தானது. கடுமையான, திடீர் ஆத்திரமூட்டல் இருந்தால் அதே மரணம் கொலையாகாமல், தண்டனைச் சட்டக்கோவையின் 297 ஆம் பிரிவின் கீழ் கொலையாகாத மனிதக்கொலையாகக் கருதப்படலாம். யார் செய்தார் என்பதைப் போலவே, நடந்தது கொலைதானா என்பதும் மேல் நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியதே. பிரேத பரிசோதனை முடியும்வரை "உயிரிழப்பு" என்றே எழுதுவது போதுமானது.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, இனி எதையும் எழுத முடியாது என்று ஒதுங்க வேண்டாம். வழக்கு நிலுவையில் இருப்பது ஊரின் வாயைக் கட்டும் உத்தரவு அன்று. முறைப்பாடு கிடைத்த பின் பொலிஸார் எவ்வளவு நேரத்தில் வந்தார்கள், இறந்தவர் முன்னரே மிரட்டல் பற்றி முறையிட்டிருந்தால் அதற்கு என்ன ஆயிற்று, பகுப்பாய்வு அறிக்கை ஏன் தாமதமாகிறது, ஒரு வழக்கு எத்தனை தவணைகள் ஒத்திவைக்கப்பட்டது என்பவை எல்லாம் யார் குற்றவாளி என்பதைத் தொடாமலே கேட்கக்கூடிய கேள்விகள். இவற்றைக் கேட்பவர் இல்லாததால்தான் பல வழக்குகள் மெல்ல மறைகின்றன. நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடைபெற வேண்டும் என்று அரசியலமைப்பின் 106 ஆம் உறுப்புரை கூறுவதால், தவணை நாளில் திறந்த மன்றில் அமர்ந்து கேட்டுக் குறிப்பெடுக்கலாம். தொலைபேசியை நிறுத்திவிட்டு, பதிவு செய்யாமல், சொன்னது நீதவானா, பொலிஸாரா, சட்டத்தரணியா என்பதைப் பிரித்துக் குறித்தால் போதும். மூன்றாம் கையிலிருந்து வந்த பத்துப் பதிவுகளைவிட அந்த ஒரு பக்கக் குறிப்பு பெறுமதியானது.

சட்டப் பொறுப்பைச் சுருக்கமாகச் சொல்வதானால்: நீதிமன்ற அவமதிப்பை இப்போது 2024 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும், இணையக் கூற்றுகளை அதே ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் ஒழுங்குபடுத்துகின்றன. குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டாலும், குடியியல் நட்டஈட்டு வழக்குக்கான வழி திறந்தே இருக்கிறது. "தூக்கில் போடுங்கள்" என்ற முழக்கத்தைப் பொறுத்தவரை, மரண தண்டனை விதிக்கப்பட்டாலும் 1976 இற்குப் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பதை அதை எழுதுபவர்கள் அறிந்திருப்பது நல்லது.

எழுதிய பின்

முதல் பதிவோடு வேலை முடிவதில்லை. அடுத்த தவணைத் திகதியை நாட்காட்டியில் குறித்து, அன்று என்ன நடந்தது என்பதையும் வெளியிடுங்கள். பிழை நேர்ந்தால் பதிவைச் சத்தமின்றி அழிக்காமல், என்ன மாற்றப்பட்டது என்பதைத் திகதியுடன் மேலே எழுதுங்கள். அழித்தாலும் திரைப்பிடிப்பு எங்கோ இருக்கும், திருத்தம் மட்டும் அதனுடன் போகாது. புங்குடுதீவு மாணவி கொலை வழக்கில், 2015 மே மாதம் யாழ்ப்பாண நீதிமன்றத்தின் மீது கல்வீசும் அளவுக்குக் கொதிப்பு ஏறியிருந்தது; 2017 செப்டெம்பரில் தீர்ப்பு வந்தபோது, குற்றஞ்சாட்டப்பட்ட ஒன்பது பேரில் ஏழு பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, இருவர் விடுதலையாயினர். அத்தகைய இருவரில் ஒருவரைப் பற்றிய பழைய பதிவு உங்கள் பக்கத்தில் இருந்தால், விடுதலை பற்றிய செய்தியைத் தனிப் பதிவாக மட்டும் இடாமல், பழைய பதிவின் தலைப்பிலேயே தீர்ப்பையும் திகதியையும் சேர்த்து, படத்தை நீக்கிவிடுங்கள். பெயரையும் எடுக்கும்படி அவரே கேட்டால், அந்த வழக்கில் பொதுமக்களுக்கு இன்னும் தெரிய வேண்டியது அவருடைய பெயர் இல்லாமலும் விளங்குமா என்று பாருங்கள், விளங்கினால் எடுத்துவிடலாம்.