வெள்ளியும் ரூபாயும்: பழைய மாற்று விகிதத்தைக் கணக்கிடும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து பட்டணத்துத் தாமான்களுக்கு (குடியிருப்புகளுக்கு) குடிபெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில், தாத்தா இந்தியாவில் உள்ள ஊருக்கு அனுப்பிய மணியார்டர் ரசீதுகள் இன்னும் தகரப் பெட்டியில் கிடக்கின்றன. குடும்ப வரலாறு எழுதுவோரும், ஊரில் வாங்கிய நிலத்துக்கு யார் எவ்வளவு கொடுத்தார் என்று பங்காளிகளுக்கிடையே கணக்குப் பார்ப்போரும், அன்றைய 50 வெள்ளி (மலாயா டாலர், இன்றைய ரிங்கிட்) எத்தனை இந்திய ரூபாய் என்ற கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். இதற்கென நேரடியான வெள்ளி-ரூபாய் அட்டவணையைத் தேடி அலைவது பெரும்பாலும் வீண்வேலை. இரு நாணயங்களும் நெடுங்காலம் மூன்றாவது நாணயமான பிரிட்டிஷ் பவுனோடு பிணைக்கப்பட்டிருந்தமையால், அந்த மூன்றாவதன் வழியாகச் சென்றால் விடை எளிதில் கிடைத்துவிடும்.

முதலில் தாளில் உள்ள தேதியைப் பாருங்கள். தேதி 1927க்கும் 1966 ஜூன் தொடக்கத்துக்கும் இடைப்பட்டதாக இருந்தால், ஜப்பானியர் ஆட்சிக்காலம் நீங்கலாக, ஒரே விகிதம் போதும். 1906 முதல் மலாயாவில் 60 வெள்ளிக்கு 7 பவுன் என்பது நிலையான கணக்கு; அதாவது ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ், மொத்தம் 28 பென்ஸ். இந்தியாவில் 1927இன் நாணயச் சட்டம் ரூபாயை 1 ஷில்லிங் 6 பென்ஸாக, அதாவது 18 பென்ஸாக, நிர்ணயித்தது. 28ஐ 18ஆல் வகுத்தால் 1.5556 வரும், 100 வெள்ளிக்கு 155 ரூபாயும் சில்லறையும். 1949 செப்டம்பரில் பவுன் மதிப்பிறக்கப்பட்டபோது வெள்ளியும் ரூபாயும் அதோடு சேர்ந்தே இறங்கியமையால் இந்த விகிதம் அசையவில்லை. அவ்வாண்டுக் கடிதங்களைப் படிப்போர் டாலர் கணக்கைப் பார்த்து மிரள வேண்டியதில்லை.

சில்லறையை எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும். இந்தியா 1957 ஏப்ரல் 1 அன்றுதான் தசம முறைக்கு மாறியது. அதற்கு முந்தைய ரசீதில் 16 அணா ஒரு ரூபாய், 12 தம்படி ஓர் அணா. எனவே 50 வெள்ளியின் மதிப்பான 77.78 ரூபாயை, 77 ரூபாய் 12 அணா 5 தம்படி என்று மாற்றிக்கொண்டால்தான் ஊர்க் கடிதத்தில் உள்ள தொகையோடு ஒப்பிட முடியும். 1920களின் இறுதியில் தோட்டத் தொழிலாளருக்கு வகுக்கப்பட்ட தரக்கூலி (நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி), போக்குவரத்து எளிதான பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, அதாவது அரை வெள்ளி. இதே கணக்கில் அது முக்கால் ரூபாய்க்குச் சற்றே அதிகம். அந்த 50 வெள்ளி நூறு நாள் உழைப்பு என்பது இந்தச் சிறு கணக்கில் தெரிந்துவிடுகிறது. வெறும் விகிதத்தைவிட இதைக் குறித்துவைப்பது வரலாறு எழுதுவோருக்குப் பயன்படும் என்பது என் கருத்து.

ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டில் குறிக்கப்பட்ட தொகையை ரூபாயாக்க முயல வேண்டாம். 1945இல் பிரிட்டிஷார் திரும்பியதும் அந்த நோட்டு செல்லாததாகிவிட்டது.

அதிகம் தவறு நேர்வது 1966, 1967 ஆகிய இரண்டு ஆண்டுகளில்தான். 1966 ஜூன் 6 அன்று இந்தியா ரூபாயை அமெரிக்க டாலருக்கு 4.76இலிருந்து 7.50ஆக மதிப்பிறக்கியது. வெள்ளியோ டாலருக்கு ஏறத்தாழ 3.06 என்ற இடத்திலேயே இருந்தது. ஆகவே 7.50ஐ 3.06ஆல் வகுக்க, ஒரு வெள்ளிக்கு 2.45 ரூபாய், ஜூன் 5ஆம் தேதி 155 ரூபாயாகச் சேர்ந்திருக்கக்கூடிய 100 வெள்ளி, மறுநாள் முதல் 245 ரூபாய். அவ்வாண்டுக்கு ஒரே சராசரியைப் பயன்படுத்தினால் இரு பாதிக்குமே அது பொருந்தாது. 1967 ஜூன் 12 அன்று மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா புதிய வெள்ளியை வெளியிட்டது. நவம்பரில் பவுன் மீண்டும் இறங்கியபோது பழைய நோட்டு அதோடு இறங்கிப் புதிய வெள்ளியில் 85 காசாகிவிட, புதிய வெள்ளியும் ரூபாயும் இறங்காமல் நின்றன. ஆகையால் நவம்பருக்குப் பிந்தைய தாளில் பழைய நோட்டுக்கான கணக்கு இருந்தால், 2.45ஐ 0.85ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

1973 ஜூனில் வெள்ளி மிதக்கவிடப்பட்ட, அதாவது சந்தை விலைக்கு விடப்பட்ட, பிறகு, நிலையான எண்ணை நம்ப முடியாது. உலக வங்கியின் தரவுத்தளத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் டாலருக்கு எதிரான ஆண்டுச் சராசரி 1960 முதல் கிடைக்கிறது. ரூபாய் எண்ணை ரிங்கிட் எண்ணால் வகுத்தால் போதும். கொந்தளிப்பான ஆண்டில் சராசரி ஏமாற்றும். 1997இன் சராசரிப்படி 36.31ஐ 2.81ஆல் வகுக்க ஒரு ரிங்கிட் ஏறத்தாழ 12.9 ரூபாய், அவ்வாண்டின் கடைசி நாள் விகிதப்படி 10.1 மட்டுமே. தீபாவளிக்கு அனுப்பிய பணத்துக்கு மாதக் கணக்கைத் தேடுவதே நியாயம். 1998 செப்டம்பர் 2 முதல் 2005 ஜூலை 21 வரை ரிங்கிட் டாலருக்கு 3.80 என்று கட்டப்பட்டிருந்ததால், ரூபாய்ப் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும்: டாலர் 47 ரூபாயாக இருந்த நாளில் ரிங்கிட்டுக்கு 12.37 ரூபாய்.

பேங்க் நெகாராவின் பட்டியல் இந்திய ரூபாயை 100 ரூபாய்க்கு இத்தனை ரிங்கிட் என்று காட்டும். அதைத் தலைகீழாக்க, 100ஐ அந்த எண்ணால் வகுக்க வேண்டும்.

மேலே கிடைப்பவை யாவும் அதிகாரபூர்வ விகிதங்கள். மணியார்டரில் தபால் கட்டணம் தனி. வங்கியும் காசு மாற்றும் கடையும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே தங்கள் லாபத்தை வைக்கும். இந்தியாவில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலங்களில் உண்டியல்காரர் (வங்கிக்கு வெளியே பணம் அனுப்பித் தருபவர்) கொடுத்த விகிதம் எந்த அரசு அட்டவணையிலும் ஏறாது. ஊர்க் கடிதத்தில் 'இவ்வளவு வந்து சேர்ந்தது' என்று எழுதியிருந்தால், உங்கள் கணக்கைவிட அந்த வரியே வலுவான ஆதாரம். கணக்கை அதன் பக்கத்தில், தேதி, விகிதம், அது சராசரியா அந்நாள் விகிதமா, எங்கிருந்து எடுத்தது என்ற விவரங்களோடு தனியாக எழுதிவையுங்கள்.