நடுவழியில் சென்சார் மாற்றுகிறவர்கள் சொதப்பும் இடங்கள்

போன வருடம் மே மாதம், திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குத் திரும்பும் வழியில், துவரங்குறிச்சிக்குக் கொஞ்சம் முன்னால் என் கார் நின்றது. 2006 மாடல் பெட்ரோல் வண்டி. எண்பதில் போய்க்கொண்டிருந்தது. குலுங்கவில்லை, திணறவில்லை. யாரோ சாவியைத் திருப்பி அணைத்தது போல இன்ஜின் அடங்கிவிட்டது. ஓரம் கட்டி, இருபது நிமிடம் கழித்துச் சாவியைப் போட்டால் எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. பத்து கிலோமீட்டர் போனதும் மறுபடியும் அதே கதை.

இந்த லட்சணத்தைக் கேட்டாலே விவரம் தெரிந்த மெக்கானிக் "கிராங்க் சென்சாரைப் பாருங்க" என்பார். எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. முந்தின வாரமே ஒரு தடவை இப்படி நின்றதால் புது சென்சார் வாங்கி டேஷ்போர்டுக்குள் போட்டு வைத்திருந்தேன். ஊருக்குப் போய்வந்து சாவகாசமாக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தது முதல் தவறு. மிச்சத் தவறுகளை ரோட்டோரத்தில் உட்கார்ந்து வரிசையாகச் செய்தேன்.

சென்சார் மாற்றுவது சின்ன வேலைதான்: ஒரு கனெக்டர், ஒரு போல்ட், அவ்வளவே. ஆனால் பதினைந்து, இருபது வருட வண்டியில் நம் காலை வாருவது சென்சார் இல்லை. அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக், ரப்பர், துரு, அப்புறம் நம்முடைய அவசரம்.

நின்ற இடத்திலேயே பானெட்டைத் திறப்பது

வண்டி நின்றவுடன் கை தானாக பானெட் லிவருக்குப் போகிறது. அதற்கு முன் வண்டி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வளைவிலோ பாலத்தின் மேலோ என்றால், நான்கு பேர் தள்ளியாவது இடது ஓரத்துக்கு, முடிந்தால் தார் ரோட்டை விட்டே இறக்கிவிட வேண்டும். நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும். முக்கோணப் பலகையை வண்டிக்கு இரண்டடி பின்னால் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நூறில் வருகிற பஸ்காரருக்கு அது எந்த உதவியும் செய்யாது. ஐம்பது மீட்டராவது நடந்துபோய் வையுங்கள். கூட வந்தவர்களை வண்டிக்குள் உட்கார வைக்காமல் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிழலில் நிற்கச் சொல்லுங்கள். இருட்டிவிட்டால் ரிப்பேர் ஆசையை விட்டுவிட்டு 1033-ஐக் கூப்பிடுவது நல்லது. தேசிய நெடுஞ்சாலைகளுக்கான உதவி எண் அது. என்ன ஆனது, எந்தக் கிலோமீட்டர் கல் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று சொன்னால் போதும்.

சென்சார்தான் என்று முடிவுகட்டிவிடுவது

கிராங்க் சென்சார் என்ன செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். பிஸ்டன்கள் சுழற்றும் இன்ஜினின் முக்கிய அச்சுதான் கிராங்க் ஷாஃப்ட். அதோடு சேர்ந்து ஒரு பல் சக்கரம் சுழல்கிறது. பல கார்களில் 60 பற்களுக்கான இடமிருக்கும். அதில் இரண்டை வேண்டுமென்றே விட்டு 58 பற்கள் வைத்திருப்பார்கள். அந்த இடைவெளிதான் ஈசியூவுக்கு, அதாவது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டருக்கு, அடையாளம். பற்களிலிருந்து ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தள்ளி சென்சாரின் முனை இருக்கும். ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு சிக்னல் போகும். இன்ஜின் 3000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3000 சுற்று) ஓடினால் நொடிக்கு 2900 சிக்னல். அது நின்றுபோனால், பிஸ்டன் எங்கே இருக்கிறது என்றே ஈசியூவுக்குத் தெரியாது. அதனால் தீப்பொறியும் வராது, பெட்ரோலும் பீய்ச்சாது.

பழைய இரண்டு ஒயர் சென்சாருக்குள் இருப்பது முடியைவிட மெல்லிய செம்புக் கம்பிச் சுருள். வருடக்கணக்கில் வெந்து வெந்து அதில் எங்கோ ஒரு விரிசல் விழும். சூடேறினால் விரிசல் பிளந்து கரண்ட் அறுந்துவிடும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் வண்டி சூட்டில் நின்று, ஆறினால் ஓடுகிறது. நிறையப் பேர் ஏமாறுவதும் இங்கேதான். இன்ஜின் ஆறிய பிறகு மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு "சென்சார் நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். வண்டி நின்ற நிமிடத்தில், சூட்டோடு அளக்க வேண்டும். பல கார்களில் இந்த இரண்டு ஒயர் சென்சார் 200 ஓம் முதல் 1000 ஓம் வரைக்குள் ஏதாவது ஒன்றைக் காட்டும். சூட்டில் மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் சந்தேகம் உறுதி. மூன்று ஒயர் உள்ள ஹால் வகை சென்சாரை ஓம் வைத்து அளக்காதீர்கள். அதில் வருகிற எண்ணுக்கு அர்த்தமில்லை.

மீட்டர் இல்லையா? செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். நான் எங்கள் ஊர் மெக்கானிக்குக்குப் போன் போட்டபோது அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்: "தம்பி, செல்ஃப் அடிக்கும்போது முள்ளு லேசா ஆடுதா, செத்துக் கெடக்கா?" செத்துக் கிடந்தது. பெரும்பாலான வண்டிகளில் முள்ளை ஆட்டுவதும் இதே சென்சாரின் சிக்னல்தான்.

அதோடு விடவில்லை அவர். சாவியை ஆன் செய்ததும் பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்ப் இரண்டு நொடி ரீங்கரிக்கிறதா, ஃப்யூஸ் போயிருக்கிறதா, சென்சாருக்குப் போகும் ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னார். எலி விஷயத்தைச் சிரித்து ஒதுக்காதீர்கள். தென்னந்தோப்பு ஓரம் நிறுத்திவைக்கிற வண்டியில் சென்சாரை விட ஒயர்தான் முதலில் போகும். மெக்கானிக்கின் ஸ்கேனர் பி 0335 என்ற கோளாறு எண்ணைக் காட்டினாலும் அதற்கு "கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு" என்றுதான் பொருள். சர்க்யூட் என்றால் ஒயரும் கனெக்டரும் சேர்த்துத்தான்.

தள்ளி ஸ்டார்ட் செய்யப் பார்ப்பது

இது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். பேட்டரி இறங்கினால் தள்ளலாம், சரி. கிராங்க் சிக்னல் இல்லாத வண்டியைத் துவரங்குறிச்சியிலிருந்து விராலிமலை வரை தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. அதேபோல் நம்பிக்கையை விடாமல் செல்ஃபை அடித்துக்கொண்டே இருப்பதும் வீண். பத்து நொடிக்கு மேல் அடிக்காமல், நடுவில் ஒரு நிமிடமாவது விடுங்கள். கடைசியில் சென்சாரை மாற்றி முடிக்கும்போது பேட்டரி செத்திருந்தால் அந்த எரிச்சல் தனி.

இன்னொரு கைவைத்தியம், சென்சார்மேல் தண்ணீர் ஊற்றுவது. ஆறினால் ஓடும் என்பதால் இது சில சமயம் பலிக்கவும் செய்யும். ஆனால் பாட்டிலைக் கவிழ்த்தால் தண்ணீர் சென்சாரோடு நிற்காது. பக்கத்தில் தகதகவென்று இருக்கும் எக்ஸாஸ்ட் மானிஃபோல்டு மேல் பட்டால் அது விரிசல் விடலாம். ஈரத்துணியைப் பிழிந்து சென்சார் மேல் மட்டும் சுற்றி வையுங்கள். பொறுமை இருந்தால் அதுவும் வேண்டாம், அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு வாருங்கள்.

எல்லா சென்சாரையும் அங்கேயே கழற்றுவது

வண்டியை நட்டாற்றில் விடுவது பெரும்பாலும் கிராங்க் சென்சார்தான். ஆக்சிஜன் சென்சார் போனால் மைலேஜ் குறையும், விளக்கு எரியும். அப்படியே மெதுவாக வீடு வந்து சேரலாம். அது சைலன்ஸர் குழாயில் திருகியிருக்கிறது. சூட்டில் கை வைத்தால் தோல் உரியும், துருவில் இறுகியிருந்தால் மறையும் போகும். கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரை ஓடி நின்ற சூட்டில் கழற்றுவது ரேடியேட்டர் மூடியைத் திறப்பதற்குச் சமம், கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும். அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் பல வண்டிகளில் ஈசியூ ஒரு உத்தேச அளவை வைத்துக்கொண்டு ரேடியேட்டர் ஃபேனையும் விடாமல் ஓட்டும். பட்டறை வரை போய்ச்சேர அது போதும்.

சிஆர்டிஐ டீசல் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. டீசலை அதிக அழுத்தத்தில் தேக்கிவைக்கும் பொதுக் குழாயான காமன் ரெயிலில் இருக்கும் பிரஷர் சென்சாரை ரோட்டில் தொடவே தொடாதீர்கள். இன்ஜின் ஓடும்போது அந்தக் குழாய்க்குள் அழுத்தம் 1000 பாரைத் தாண்டும். ஊசி போலப் பீறிடும் டீசல் தோலுக்குள் இறங்கினால் ஆஸ்பத்திரிதான்.

கனெக்டரை ஒயரைப் பிடித்து இழுப்பது

நான் மாட்டிக்கொண்டது இங்கே. என் வண்டியில் சென்சார் கியர்பாக்ஸ் பக்கம், ஏர் ஃபில்டர் டப்பாவுக்குக் கீழே இருக்கிறது. (சில வண்டிகளில் முன்னால் பெல்ட் புல்லி பக்கம் இருக்கும், வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.) சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். கனெக்டரின் பக்கவாட்டில் சின்ன பிளாஸ்டிக் நாக்கு. புதிதாக இருந்தபோது அது வளைந்து கொடுத்திருக்கும். பல வெயில் காலங்களை இன்ஜின் சூட்டில் கழித்த பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி. கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தினேன். 'டக்'கென்று ஒரு சத்தம்; நாக்கு என் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

சரியான முறை என்னவென்றால், முதலில் கனெக்டரை உள்நோக்கி லேசாகத் தள்ளுங்கள். நாக்கின் மேலுள்ள இறுக்கம் தளரும். பிறகு சின்ன ஸ்க்ரூ டிரைவரால் நாக்கைக் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் தூக்கி, கனெக்டரின் உடம்பைப் பிடித்து ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே பின் கழன்றுவிடும், வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது. நாக்கு உடைந்துவிட்டால் கனெக்டரைக் கழலாமல் கட்டிவைக்க வேண்டும். பழைய வண்டிக்காரர்கள் நான்கைந்து ஜிப் டையை வண்டியில் வைத்திருப்பது இதற்குத்தான். என்னிடம் அது இல்லை. அல்வா டப்பாவைக் கட்டியிருந்த நூல் இருந்தது.

பழையதை உடைத்து எடுப்பது

அதன்பின் போல்ட். என் வண்டியில் பத்தாம் நம்பர் ஸ்பேனர். போல்ட் கை நழுவினால் நேராகக் கீழே தட்டில் விழுந்து மாயமாகிவிடும். அதற்கு முன்பே அடியில் ஒரு துண்டை விரித்துவிடுங்கள். போல்ட் வந்த பிறகும் சென்சார் அசையாது. அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங், கல்லாக இறுகியிருக்கும், ஓட்டையைச் சுற்றித் துரு. ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினால் தலை மட்டும் கையோடு வரும், உடம்பு உள்ளேயே நிற்கும். அந்த உடைந்த பாகம் உள்ளே விழுந்து பல் சக்கரத்தில் சிக்கினால் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். சுற்றிலும் துருவை இளக்கும் ஸ்பிரே அடித்து, பத்து நிமிடம் விட்டு, இடமும் வலமுமாகத் திருகித் திருகி எடுங்கள். மேலே இழுக்கவே வேண்டாம், அதுவாக வரும்.

எடுத்ததும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முனையின் நீளம், பின் எண்ணிக்கை, ஒயர் நீளம். நீளம் ஒரு மில்லிமீட்டர் கூடினால் பல்லில் உரசும், குறைந்தால் சிக்னல் பலவீனமாகும். கடையில் வாங்கும்போதே இதைச் செய்யாதவர்கள் ரோட்டில் செய்து அழுவார்கள். பழையதன் முனையில் இரும்புத் தூள் மீசை மாதிரி ஒட்டியிருந்தால், துடைத்துவிட்டுப் பத்திரப்படுத்துங்கள். சில சமயம் கோளாறே அந்த மீசைதான்.

சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய சென்சார் மலிவாகக் கிடைக்குமே என்று கேட்பீர்கள். கதவு வாங்குங்கள், கண்ணாடி வாங்குங்கள். சூட்டில் சாகிற பொருளை, அதே சூட்டில் அத்தனை வருடம் வெந்த இன்னொரு வண்டியிலிருந்து வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

இறுக்கி மாட்டிவிட்டுக் கிளம்புவது

மாட்டும் முன் சென்சார் உட்காரும் தளத்தைத் துணியால் துடைக்க வேண்டும். அங்கே ஒரு துருச் சில்லு இருந்தாலும் சென்சார் தூக்கிக்கொண்டு நின்று இடைவெளி மாறிவிடும். புது ஓ-ரிங்கில் டிப்ஸ்டிக்கைத் தொட்டு ஒரு துளி ஆயில் தடவினால் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். போகவில்லை என்பதற்காக போல்ட்டை முடுக்கி சென்சாரை உள்ளே இழுக்காதீர்கள். போல்ட் ஏறும் காது பிளாஸ்டிக், உடைந்துவிடும். கையால் முழுவதும் அமுக்கி உட்கார வைத்த பிறகுதான் போல்ட். சிறிய ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்து இறுக்கினால் போதும்.

ஒயரை முன்பு இருந்த கிளிப்புகளிலேயே கொண்டுபோங்கள். எக்ஸாஸ்ட்டையோ பெல்ட்டையோ தொட்டுக்கொண்டு கிடந்தால் அடுத்த மாதம் இதே ரோட்டில் நிற்பீர்கள். பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் ஐடில் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) கொஞ்சம் ஏறி இறங்கும். ஈசியூ பழகிக்கொள்ள நேரம் எடுக்கிறது, சென்சார் தப்பு என்று மறுபடி கழற்றிவிடாதீர்கள்.

ஸ்டார்ட் ஆனது என்ற சந்தோஷத்தில் உடனே கிளம்புவதும் தவறு. கோளாறு சூட்டில் வருவது; ஆறின இன்ஜின் பழைய சென்சாரிலும்தான் ஸ்டார்ட் ஆனது. ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். பிறகு அணைத்து, அந்தச் சூட்டிலேயே மறுபடி போட்டுப் பாருங்கள். கிளம்பும்போது, டயருக்கு அண்டக் கொடுத்த கல்லையும் அடையாளத்துக்கு ஒடித்துப்போட்ட கிளையையும் ரோட்டை விட்டு எடுத்துப் போடுங்கள். இரவில் பைக்கில் வருகிறவருக்கு அவை தெரியாது.

சென்னை வந்த மறுவாரம் புதுப்பேட்டைக்கே போனேன், சென்சாருக்காக இல்லை, கனெக்டருக்காக. அரை அடி ஒயரோடு வெட்டிக் கொடுத்தார்கள். பழையதை எடுத்துவிட்டு, சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூபை ஏற்றி முடித்தபோது அல்வா டப்பா நூல் கையோடு வந்தது. கருத்து, ஆயில் ஊறி, இன்னும் முடிச்சு அவிழாமல் இருந்தது.