குழந்தையிடம் கத்துவதற்கு முன் மனதில் ஓடும் அந்த ஒரு வரி: பெற்றோருக்கான சிபிடி பயிற்சி

இரவு எட்டரை மணி. என் மகளுக்கு அப்போது நான்கு வயது. "பல் தேய்க்க வா" என்று ஆறாவது தடவையாகக் கூப்பிடுகிறேன். அவள் தரையில் படுத்துக்கொண்டு "மாட்டேன்" என்றாள். அடுத்த நொடி நான் கத்தினேன், வீடே அதிரும்படி. அவள் அழுதுகொண்டே தூங்கிப்போனாள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

இருட்டில் படுத்து யோசித்தபோது ஒன்று புரிந்தது. அவள் சொன்ன "மாட்டேன்"க்கும் என் கத்தலுக்கும் நடுவில் மனதுக்குள் ஒரு வரி ஓடியிருந்தது: "மற்ற வீடுகளில் பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்கிறார்கள். என்னால்தான் ஒரு குழந்தையைக்கூட ஒழுங்காக வளர்க்க முடியவில்லை." என்னைக் கத்த வைத்தது அந்த வரிதான்.

அந்த வரியை எப்படிப் பிடிப்பது, பிடித்த பிறகு என்ன செய்வது என்பதைப் பின்னால் ஒரு மனநல ஆலோசகர் எனக்குக் கற்றுத்தந்தார். மாதக்கணக்கில் செய்துபார்த்து, எனக்குக் கைகொடுத்த வரிசையில் இங்கே எழுதுகிறேன். இந்த முறையைச் சுருக்கமாகச் சிபிடி (CBT) என்பார்கள். முழுப்பெயர் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை.

இதன் வேர் 1950களில் இருக்கிறது. நிகழ்ச்சி நேரடியாக நம்மைத் துன்புறுத்துவதில்லை, அதைப் பற்றி நாம் கொண்ட நம்பிக்கைதான் துன்புறுத்துகிறது என்ற அடிப்படையில் உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் 1955 வாக்கில் ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். 1960களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து மனநல மருத்துவர் ஆரன் பெக், மனச்சோர்வுள்ளவர்களின் மனதில் கேட்காமலே வந்து விழும் எண்ணங்களைக் கவனித்தார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் தானியங்கி எண்ணங்கள். நாம் கூப்பிடாமலே வரும், கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும், ஆனால் போகும்போது கோபத்தையோ குற்றவுணர்வையோ விட்டுவிட்டுப் போகும். பெற்றோரின் நாள் முழுவதும் இப்படிப்பட்ட எண்ணங்கள்தான்.

தேவையானவை: ஒரு சிறிய நோட்டு, ஒரு பேனா, தினமும் பத்து நிமிடம். கைபேசியிலும் எழுதலாம். ஆனால் கைபேசியை எடுத்தால் வேறெங்கோ போய்விடுகிறோம், அதனால் காகிதமே நல்லது என்பது என் அனுபவம்.

படி 1: நான்கு நாள் வெறுமனே எழுதுங்கள்

எதையும் மாற்ற முயல வேண்டாம். ஒரு நாளில் உங்களுக்கு மிகவும் பதற்றமோ கோபமோ வந்த ஒரே ஒரு தருணத்தை மட்டும் எழுதுங்கள். நான்கு கட்டங்கள் போதும்: என்ன நடந்தது, மனம் என்ன சொன்னது, உடம்பிலும் மனதிலும் என்ன உணர்ந்தேன், நான் என்ன செய்தேன்.

"என்ன நடந்தது" என்ற கட்டத்தில்தான் எல்லோரும் சறுக்குவோம். "அவன் வேண்டுமென்றே அடம்பிடித்தான்" என்று எழுதுவோம். ஒரு கேமரா அங்கே இருந்திருந்தால் எது பதிவாகியிருக்குமோ அதை மட்டும் எழுதுங்கள். "ஷூ போடச் சொன்னேன். பொம்மையோடு விளையாடிக்கொண்டே இருந்தான்." "வேண்டுமென்றே" என்பது கேமராவில் விழாது. அதற்கு இடம் இரண்டாவது கட்டம்.

உணர்வுக்குப் பக்கத்தில் 0 முதல் 100 வரை ஓர் எண் போடுங்கள். 0 என்றால் அமைதி, 100 என்றால் இதற்கு மேல் தாங்காது. மனநல மருத்துவர் ஜோசப் வோல்பி பயத்துக்கான சிகிச்சையில் பயன்படுத்திய அளவுகோல் இது. பின்னால் இந்த எண்தான் நமக்கு வழிகாட்டும். தாடை இறுகியதா, தோள் தூக்கிக்கொண்டதா, வயிறு பிசைந்ததா என்பதையும் குறியுங்கள். உடம்பு மனதைவிட முன்னதாகவே சொல்லிவிடும்.

அப்புறம், முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. நான்காம் நாள் திரும்பிப் பார்த்தால் அதன் மதிப்பு புரியும்.

படி 2: சுடுகிற எண்ணத்தைத் தோண்டி எடுங்கள்

முதலில் எழுதும் எண்ணம் பெரும்பாலும் மேல்தோல்தான். "ஐயோ, மறுபடியும் நேரமாகிவிட்டது" என்று எழுதியிருப்பீர்கள். அதற்காக யாரும் 85 அளவுக்குக் கொதிப்பதில்லை. "சரி, அப்படியே ஆனால் என்ன? எனக்கு அதில் என்ன அவ்வளவு கஷ்டம்?" என்று உங்களையே கேளுங்கள். பதில் வந்ததும் அதே கேள்வியை மறுபடி கேளுங்கள்.

நேரமாகிவிட்டது. ஆனால் என்ன? ஆசிரியர் ஏதாவது நினைப்பார். நினைத்தால் என்ன? பொறுப்பில்லாத பெற்றோர் என்று முடிவு கட்டிவிடுவார். கட்டினால்? அது உண்மைதானே, எனக்கு இது கைவரவில்லை.

கடைசியில் தொண்டையை அடைக்கிற ஒரு வரி வரும். அதன் கீழே கோடு போடுங்கள். இனி வேலை செய்யப்போவது அந்த வரியோடுதான்.

படி 3: எண்ணம் எங்கே வளைந்திருக்கிறது என்று பாருங்கள்

மனம் வழக்கமாகச் செய்யும் சில வளைவுகளுக்குச் சிபிடியில் பெயர் உண்டு. ஒன்று முழுமை, இல்லாவிட்டால் தோல்வி என்று பார்ப்பது. "எப்போதும்", "ஒருபோதும்" என்று பொதுமைப்படுத்துவது. இன்று பென்சிலை உடைத்தவன் நாளை உருப்படாமல் போவான் என்று ஜோசியம் சொல்வது. "நல்ல தாய் என்றால் பொறுமை இழக்கவே கூடாது" என்று சட்டம் போடுவது. இவற்றைப் படித்தாலே பாதி புரிந்துவிடும்.

நான் கொஞ்சம் நின்று பேச விரும்புவது வேறு இரண்டைப் பற்றி, ஏனென்றால் பெற்றோரை அதிகம் வதைப்பவை இவைதான்.

முதலாவது, மனதைப் படித்துவிட்டதாக நினைப்பது. குழந்தை ஒன்றைச் செய்யும்போது அதற்குப் பின்னால் ஒரு நோக்கத்தை நாம் பொருத்திவிடுகிறோம். "என்னைச் சீண்டிப் பார்க்கிறான்." "என் களைப்பு தெரிந்தே செய்கிறாள்." ஆசையை அடக்கவும், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறவும் உதவும் மூளையின் முன்பகுதி முழுமையாக முதிர இருபது வயதுக்கு மேல் ஆகும். மூன்று வயதுக் குழந்தை விளையாட்டை நிறுத்திவிட்டு வராததற்குப் பெரும்பாலும் திமிர் காரணமில்லை, அதற்கு வேண்டிய திறன் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இது தெரிந்தபிறகும் எரிச்சல் வரும். ஆனால் "அவமதிக்கிறாள்" என்று நினைக்கும்போது வரும் கோபமும் "இவளுக்கு இன்னும் வரவில்லை" என்று நினைக்கும்போது வரும் எரிச்சலும் ஒன்றில்லை.

இரண்டாவது, எல்லாவற்றையும் தன்மேல் போட்டுக்கொள்வது. குழந்தை பேசத் தாமதமானால் நான் காரணம், இரவில் விழித்தால் நான் காரணம், பொது இடத்தில் அழுதால் நான் காரணம். குழந்தையின் சுபாவம், வயது, பசி, தூக்கம், காய்ச்சல் எல்லாம் கணக்கிலிருந்து காணாமல் போய்விடும். ஒரு வட்டம் வரைந்து, நடந்ததற்கான காரணங்களை எல்லாம் அதில் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். உங்கள் பங்கைக் கடைசியில் போடுங்கள். முதல் தடவை இதைச் செய்தபோது என் பங்குக்கு மிஞ்சியது ஒரு சிறு துண்டுதான். அதைப் பார்த்து அழுதேன்.

படி 4: நிறுத்துப் பார்த்து வேறொரு வரி எழுதுங்கள்

கோடு போட்ட வரிக்கு ஆதரவாக என்ன இருக்கிறது, எதிராக என்ன இருக்கிறது என்று இரண்டு பத்தி எழுதுங்கள். கேமரா விதி இங்கேயும் பொருந்தும். என் நோட்டில் இருந்த ஒரு பக்கம் இது.

எண்ணம்: "என்னால் ஒரு குழந்தையைக்கூட வளர்க்க முடியவில்லை." அளவு 85.

ஆதரவு: இந்த வாரம் மூன்று இரவு கத்தினேன். அவள் அழுதாள்.

எதிர்: மற்ற நான்கு இரவு கதை சொல்லித் தூங்க வைத்தேன். அடிபட்டால் அவள் முதலில் ஓடி வருவது என்னிடம்தான். கத்திய மூன்று நாளுமே நான் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியிருந்தேன்.

புதிய வரி: "தூங்காத நாட்களில் இரவு நேரம் எனக்குக் கடினமாக இருக்கிறது. கத்தியது சரியில்லை, அதை மாற்ற வேண்டும். அதற்காக நான் தோற்றுப்போன பெற்றோர் ஆகிவிடவில்லை." அளவு 50.

85 என்பது 0 ஆகவில்லை, ஆகவும் தேவையில்லை. 50இல் இருக்கும் மனிதரால் யோசிக்க முடியும், மன்னிப்புக் கேட்க முடியும். நான் மறுநாள் காலை கேட்டேன்: "நேற்று அம்மா கத்தினேன். அது உன் தப்பில்லை. எனக்குக் கோபம் வந்தது, இனி வேறு மாதிரி சொல்லப் பார்க்கிறேன்."

"நான் உலகத்திலேயே சிறந்த அம்மா" என்று புதிய வரியை எழுதாதீர்கள். உங்கள் மனமே அதை நம்பாது. குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட், குழந்தைக்குக் குறையில்லாத தாய் வேண்டியதில்லை, போதுமான அளவு நல்ல தாய் போதும் என்றார். குழந்தை தாங்கக்கூடிய அளவில், கொஞ்சம் கொஞ்சமாகத் தாய் தவறவிடுவது அதன் வளர்ச்சிக்கு உதவவும் செய்கிறது என்பது அவர் கருத்து. உங்கள் வரியும் அந்த அளவுக்கு இருந்தால் போதும்.

படி 5: 80ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டாம்

மேலே சொன்னது எல்லாம் அமைதியான நேரத்து வேலை. கொதிக்கும்போது உடம்பைத்தான் முதலில் இறக்க வேண்டும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட நிதானமாக, நீளமாக வெளியே விடுங்கள். ஐந்தாறு தடவை. தோளைத் தொங்கவிடுங்கள். "அம்மாவுக்குக் கோபமாக இருக்கிறது, ரெண்டு நிமிஷத்தில் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு, குழந்தை பாதுகாப்பாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு நகருங்கள்.

கைக்குழந்தை நிற்காமல் அழுது, உங்கள் கட்டுப்பாடு நழுவுவதுபோல் இருந்தால், குழந்தையைத் தொட்டில் போன்ற பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கக் கிடத்திவிட்டுச் சில நிமிடம் அடுத்த அறையில் நில்லுங்கள். யாரையாவது உதவிக்குக் கூப்பிடுங்கள். அங்கே கிடந்து சில நிமிடம் அழுவதால் குழந்தைக்குத் தீங்கு வராது. குழந்தையை ஒருபோதும் குலுக்காதீர்கள், மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

படி 6: எண்ணத்தைச் சோதித்துப் பாருங்கள்

சிபிடியில் பாதிதான் எண்ணம். மீதி நடத்தை. "கத்தினால்தான் கேட்பாள்" என்ற எண்ணத்தை எடுத்துக்கொள்வோம். இது எங்கிருந்து வருகிறது? குழந்தைகளின் நடத்தையை வீடுகளில் நேரில் கவனித்து ஆராய்ந்த ஜெரால்ட் பேட்டர்சன் விளக்கிய ஒரு வலை இருக்கிறது. குழந்தை முரண்டு பிடிக்கிறது, பெற்றோர் குரலை உயர்த்துகிறார், குழந்தை அடங்குகிறது. கத்தல் பலித்துவிட்டது என்று பெற்றோரின் மனம் பதிவுசெய்கிறது. இன்னொரு நாள் குழந்தை அலறுகிறது, பெற்றோர் சலித்துப்போய் விட்டுக்கொடுக்கிறார். அலறல் பலித்துவிட்டது என்று குழந்தையின் மனம் பதிவுசெய்கிறது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சத்தத்தைக் கற்றுக்கொடுத்துக்கொண்டே போகிறார்கள்.

ஐந்து நாள் சோதனை ஒன்று செய்யுங்கள். ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், பல் தேய்ப்பது மாதிரி. "கத்தாமல் சொன்னால் ஐந்தில் எத்தனை நாள் கேட்பாள்?" என்று முதலில் உங்கள் கணிப்பை எழுதுங்கள். பிறகு ஐந்து நிமிடம் முன்னதாக எச்சரித்து, பக்கத்தில் போய், அவள் கண் மட்டத்துக்குக் குனிந்து, ஒரே ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். கேள்வியாகக் கேட்காதீர்கள். "பல் தேய்க்கலாமா?" என்றால் "வேண்டாம்" என்பது நியாயமான பதில். செய்தால் உடனே, எதைச் செய்தாள் என்று பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்: "சொன்னவுடனே பிரஷ்ஷை எடுத்துவிட்டாயே!"

நான் கணித்தது பூஜ்ஜியம். நடந்தது இரண்டு. முதல் இரண்டு நாள் அழுகை அதிகமானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய வழி பலிக்காதபோது குழந்தை முதலில் சத்தத்தைக் கூட்டும், அது எதிர்பார்க்க வேண்டியதுதான். அங்கே விட்டுக்கொடுத்தால் கூடுதல் சத்தம்தான் பலித்ததாகிவிடும்.

படி 7: கவலைக்கு ஒரு நேரம்

நள்ளிரவில் "நாளைக்கு என்ன ஆகுமோ" என்று ஓடினால், அதை ஒரு வரியில் குறித்துவிட்டு மறுநாள் மாலை ஒரு குறிப்பிட்ட அரை மணி நேரத்துக்குத் தள்ளிப்போடுங்கள். உளவியலாளர் தாமஸ் போர்க்கோவெக்கும் உடன் ஆய்வாளர்களும் 1983இல் வெளியிட்ட முறை இது. அந்த நேரத்தில் பட்டியலை எடுத்து, ஏதாவது செய்யக்கூடியது, ஒன்றும் செய்ய முடியாதது என்று பிரித்து எழுதுங்கள். செய்யக்கூடியதற்கு ஒரு சின்ன அடுத்த வேலையை எழுதினால் போதும்.

படி 8: வீட்டில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

இங்கே எனக்கு அழுத்தமாக ஒரு கருத்து உண்டு. ஒருவர் தனியாக மூன்று பேர் வேலையைச் செய்துகொண்டு, துண்டு துண்டாகத் தூங்கி எழுந்தால், "என்னால் முடியவில்லை" என்பது வளைந்த எண்ணமே இல்லை. அது உண்மை. அதை நோட்டில் நிறுத்துப் பார்ப்பதில் பயனில்லை, வேலையைப் பிரிக்க வேண்டும். நான்கு நாள் எழுதிய தூக்கக் கணக்கு இப்போது உதவும். "நீங்கள் எதுவுமே செய்வதில்லை" என்பதும் எப்போதும்-ஒருபோதும் வகைப் பேச்சுதான், அது சண்டையில் முடியும். "செவ்வாயும் வியாழனும் இரவு நீங்கள் தூங்க வைத்தால் நான் சீக்கிரம் படுத்துவிடுவேன்" என்று கேட்டால் பதில் சொல்ல இடமிருக்கிறது. தனியாக வளர்ப்பவர்கள் ஒரு உறவினரிடமோ நண்பரிடமோ இதே அளவு குறிப்பாகக் கேளுங்கள். மற்றவர் நோட்டைத் திருத்த மட்டும் போகாதீர்கள். "பார், நீ ஜோசியம் சொல்கிறாய்" என்று துணைக்குச் சொன்ன நாளோடு எங்கள் வீட்டில் இந்தப் பயிற்சி ஒரு வாரம் நின்றுபோனது.

எப்போது நோட்டு போதாது

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் மனம் சோர்ந்தே இருந்தால், எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனால், குழந்தை தூங்கும்போதும் உங்களால் தூங்க முடியாவிட்டால், மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். குழந்தை பிறந்து ஓராண்டுக்குள் இப்படி இருந்தால் தள்ளிப்போடவே வேண்டாம். மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது, தந்தையருக்கும் அது வரும். உங்களையோ குழந்தையையோ காயப்படுத்திவிடுவோமோ என்று தோன்றினால் அன்றைக்கே, அந்த நேரமே அவசர உதவியை நாடுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

போகும்போது நோட்டையும் எடுத்துப் போங்கள். முதல் சந்திப்பில் ஆலோசகர் "என்ன பிரச்சினை?" என்று கேட்டபோது எனக்கு வார்த்தையே வரவில்லை. அந்த இரவின் வரியை எழுதிவைத்திருந்த பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் படித்துவிட்டு, "சரி, இதிலிருந்தே ஆரம்பிக்கலாம்" என்றார்.