மரபணு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: பட்டியலை நம்புவதற்கு முன்

மரபணு வெளிப்பாடு (எந்த மரபணு எங்கே, எவ்வளவு இயங்குகிறது என்பது) பற்றி ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் கையில் ஓர் எக்செல் ஃபைல் இருக்கும். "இதில் எந்த ஜீன் முக்கியம்?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்கு முன் நான் ஒன்று கேட்பேன்: இந்தப் பட்டியல் எங்கிருந்து, யார் யார் கை மாறி வந்தது? இதைக் கேட்காமல் விட்டதால் பல மாத உழைப்பு வீணாகப் போனதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எக்செல்லிலிருந்தே தொடங்கலாம். செப்டின் என்ற புரதக் குடும்பத்தில் ஒரு மரபணுவுக்குப் பழைய சுருக்கப் பெயர் 'செப்ட்2'. அதை ஆங்கிலத்தில் ஒரு கட்டத்தில் தட்டி என்டர் அழுத்தினால், எக்செல் அதை செப்டம்பர் 2 என்று எடுத்துக்கொள்ளும். 'மார்ச்1' என்ற மரபணு மார்ச் முதல் தேதி ஆகிவிடும். திரையில் தெரிவதுதான் தேதி, உள்ளே சேமிக்கப்படுவது வெறும் எண். பிறகு கட்டத்தை 'டெக்ஸ்ட்' என்று மாற்றினாலும் பெயர் திரும்பாது. 45 ஆயிரத்துச் சொச்சம் என்று ஏதோ ஓர் எண்தான் வந்து நிற்கும். 2004-லேயே இதைப் பற்றி எச்சரித்தார்கள். 2016-ல் எண்ணிப் பார்த்தபோது, மரபணுப் பட்டியலை எக்செல் இணைப்பாகத் தந்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் 2020-ல், மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே செப்டின்2, மார்ச்எஃப்1 என்று மாற்றிவிட்டது. ஆனால் பழைய ஃபைல்கள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆகவே பெயரோடு, என்செம்பிள் என்ற மரபணுத் தரவுத்தளம் ஒவ்வொரு மரபணுவுக்கும் தரும் அடையாள எண்ணையும் ஒரு நெடுவரிசையில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபைலைத் திறக்கும்போதே அந்த நெடுவரிசைகளை டெக்ஸ்ட்டாக இறக்குங்கள்.

இதைவிடப் பெரிய தவறு ஆய்வகத்திலேயே, சாம்பிளை எடுக்கும் நாளிலேயே நடந்துவிடுகிறது. 2014-ல் மவுஸ் என்கோட் என்ற எலி ஜீனோம் ஆய்வுத் திட்டத்தில் மனிதன், சுண்டெலி இரண்டிலும் 13 திசுக்களின் மரபணு வெளிப்பாட்டை ஒப்பிட்டார்கள். மனித இதயம் எலியின் இதயத்தோடும், மனிதக் கல்லீரல் எலியின் கல்லீரலோடும் சேரும் என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். வந்த முடிவு வேறு. திசு எதுவானாலும் மனித மாதிரிகள் ஒரு பக்கம், எலி மாதிரிகள் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றன. பெரிய செய்தியாகப் பேசப்பட்டது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் யோவ் கிலாட், ஓர்னா மிஸ்ராகி-மான் இருவரும் அதே டேட்டாவை எடுத்து வேறு ஓர் இடத்தில் பார்த்தார்கள். டிஎன்ஏ வரிசையைப் படிக்கும் சீக்வென்சிங் இயந்திரம் தரும் ஃபாஸ்ட்க்யூ ஃபைலில் ஒவ்வொரு டிஎன்ஏ துண்டுக்கும் மேலே ஒரு தலைப்பு வரி இருக்கும். அதில் இயந்திரத்தின் அடையாளம், எத்தனையாவது ஓட்டம், எந்த ஃப்ளோசெல் (மாதிரிகளை ஏற்றும் கண்ணாடித் தகடு), அதில் எந்த லேன் (தடம்) என்று எல்லாம் முக்காற்புள்ளி போட்டுப் பிரித்து எழுதியிருக்கும். நம்மில் பலர் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும் வரி அது. அதைக் கோத்துப் பார்த்தபோது, மனித மாதிரிகளும் எலி மாதிரிகளும் பெரும்பாலும் தனித்தனி ஓட்டங்களில், தனித்தனி லேன்களில் ஓடியிருப்பது தெரிந்தது. அந்த வேறுபாட்டைக் கணக்கில் கழித்த பிறகு மாதிரிகள் திசுவாரியாகச் சேர்ந்தன. இதை 2015-ல் வெளியிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது இதுதான். உயிரினமும் ஓட்டமும் இப்படிப் பின்னிக் கிடக்கும்போது எது எதனால் வந்தது என்று பிரித்தறிய எந்த மென்பொருளாலும் முழுமையாக முடியாது. நெல்லில் வறட்சி ஆய்வு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் விட்ட செடிகளின் ஆர்என்ஏவை (மரபணு இயங்கும்போது உருவாகும் நகல்) திங்கட்கிழமையும், காய விட்ட செடிகளினுடையதை வியாழக்கிழமையும் பிரித்தெடுத்தால், கடைசியில் கிடைப்பது வறட்சியின் விளைவா கிழமையின் விளைவா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளும் இரண்டு வகையிலிருந்தும் கலந்து எடுங்கள். எந்த நாள், எந்த கிட், யார் செய்தது என்பதை நோட்டில் எழுதி வையுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

ரெப்ளிகேட், அதாவது ஒரே சோதனையைத் தனித்தனி மாதிரிகளில் திரும்பச் செய்வது, இதே போலத்தான். ஒரே இலையை மூன்று குழாயில் போட்டால் மூன்று ரெப்ளிகேட் ஆகாது. மூன்று தனிச் செடிகள் வேண்டும். 2016-ல் ஈஸ்டில் ஒவ்வொரு வகைக்கும் 48 ரெப்ளிகேட் வைத்துச் சோதித்தவர்கள், மூன்றே மூன்று வைத்தால் உண்மையில் மாறிய மரபணுக்களில் பெரும்பகுதி கண்ணில் படாமல் போகிறது என்று காட்டி, குறைந்தது ஆறு வையுங்கள் என்றார்கள். செலவு அதிகம் என்பது எனக்கும் தெரியும். அப்படியானால் ஒரு கேள்வியைக் குறைத்துக்கொண்டு செடிகளைக் கூட்டுவதுதான் சரி. அப்புறம், 20,000 மரபணுக்களைச் சோதித்துவிட்டு பி மதிப்பு (உண்மையில் மாற்றமே இல்லாதபோது இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு) 0.05-க்குக் கீழே உள்ளதையெல்லாம் எடுக்காதீர்கள். எதுவுமே மாறாத டேட்டாவில்கூடத் தற்செயலாகவே சுமார் 1,000 மரபணுக்கள் அந்த வரம்புக்குள் வந்துவிடும். பல சோதனைகளால் வரும் இந்தத் தற்செயல் பிழையைக் கட்டுப்படுத்தும் பெஞ்சமினி-ஹாக்பெர்க் முறையில் திருத்திய மதிப்பைப் பாருங்கள். மாறிய மரபணுக்களைக் கண்டறியும் டெசெக்2 மென்பொருளுக்கு டிபிஎம் (மரபணுவின் நீளத்துக்கும் மொத்த அளவுக்கும் ஏற்பச் சரிசெய்த) எண்களைக் கொடுப்பதும் தவறு. அது கேட்பது திருத்தாத எண்ணிக்கையை.

இனி புரதக் குடும்பங்கள். "இந்த இரண்டு புரதங்களுக்கும் 60 சதவீத ஹோமாலஜி இருக்கிறது" என்று எழுதாத ஆய்வேடு குறைவு. ஹோமாலஜி என்றால் ஒரே மூதாதையிலிருந்து வந்த உறவு. ஒருவர் நமக்குப் பங்காளி அல்லது பங்காளி இல்லை. 60 சதவீதப் பங்காளி என்று யாரையும் சொல்வதில்லை. சதவீதம் சொல்ல வேண்டியது அமினோ அமில வரிசையின் ஒற்றுமைக்கு. 1987-லேயே ஆய்வாளர்கள் சிலர் சேர்ந்து 'செல்' இதழில் இதை வலியுறுத்திக் கடிதம் எழுதினார்கள். வெறும் சொல் சண்டை என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. ஹீமோகுளோபினின் ஆல்பா சங்கிலியும் மயோகுளோபினும் வரிசையில் நான்கில் ஒரு பங்குதான் ஒத்துப்போகின்றன. ஆனாலும் இரண்டும் ஒரே மாதிரி மடிந்து, ஹீம் என்ற இரும்பு கொண்ட மூலக்கூறைப் பிடித்து, ஆக்சிஜனைத் தாங்குகின்றன. சதவீதம் குறைவு என்று விலக்கியிருந்தால் உண்மையான உறவு ஒன்று கைநழுவிப் போயிருக்கும். 20 முதல் 35 சதவீதம் வரை சந்தேக எல்லை. அங்கே பிளாஸ்ட் (ஒரு வரிசையைத் தரவுத்தள வரிசைகளோடு ஒப்பிடும் கருவி) மட்டும் போதாது. குடும்பம் முழுவதன் வரிசைகளையும் வைத்துக் கட்டிய பிஃபாம் (புரதக் குடும்பங்களின் தொகுப்பு) மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும்.

சரி, உறவு உறுதியாகிவிட்டது. வேலையும் ஒன்றா? இங்கேதான் எனக்கு மிகுந்த கவலை. வாத்தின் கண் வில்லையில் இருக்கும் எப்சிலான் கிரிஸ்டலினும், லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியும் ஒரே மரபணுவிலிருந்து வரும் ஒரே புரதம். மற்ற திசுக்களில் நொதி, கண் வில்லையில் ஒளியைக் கடத்தும் பொருள். ஒரே புரதமே இடத்துக்கு இடம் வேறு வேலை பார்க்கும்போது, குடும்பத்தில் ஒருவரின் வேலையை எடுத்து இன்னொருவர் மேல் ஒட்டுவது எவ்வளவு ஆபத்து! 2009-ல் 37 நொதிக் குடும்பங்களை ஆராய்ந்தபோது, ஆட்கள் கையால் சரிபார்த்த ஸ்விஸ்-ப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் தவறு ஏறக்குறைய இல்லை. கணினி தானாகப் பெயரிட்ட தொகுப்புகளில் 10 குடும்பங்களுக்கு 80 சதவீதத்துக்கு மேல் தவறு இருந்தது. அந்தத் தவறான பெயரை அடுத்து வரிசைப்படுத்தும் ஜீனோம் (ஓர் உயிரின் முழு மரபுத் தொகுதி) நகலெடுக்கும், அதிலிருந்து இன்னொன்று. ஆகவே பிளாஸ்ட் முடிவில் முதல் வரியின் பெயரை மட்டும் எடுக்காதீர்கள். 900 அமினோ அமிலப் புரதத்தில் 120 மட்டும் பொருந்தியிருந்தால், உங்களிடம் இருப்பது பொதுவான ஒரு பகுதிதான். வினைபுரியும் இடத்தில் உள்ள அமினோ அமிலங்கள் அப்படியே இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருளின் படத்திலும் நம்பிக்கை மதிப்பு 50-க்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் ஓடும் சுருள்களை வடிவம் என்று நம்பிக் கதை கட்ட வேண்டாம்.

கடைசியாக, கலப்படம். 2015 நவம்பரில் வட கரோலினா ஆய்வாளர்கள் நீர்க்கரடி என்னும் நுண்ணிய விலங்கின் மரபணுக்களில் 17.5 சதவீதம் பாக்டீரியா முதலான பிற உயிர்களிடமிருந்து வந்தவை என்று அறிவித்தார்கள். அதே இனத்தை ஏற்கெனவே வரிசைப்படுத்திக்கொண்டிருந்த எடின்பரோ குழு சில நாட்களிலேயே தங்கள் டேட்டாவை வெளியிட்டது. அந்த மரபணுக்களில் பெரும்பாலானவை விலங்கோடு சேர்ந்து வந்த பாக்டீரியாக்களினுடையவை. அவை இருந்த டிஎன்ஏ துண்டுகள் படிக்கப்பட்ட அளவு விலங்கின் துண்டுகளோடு ஒத்துப்போகவில்லை. பலவற்றுக்கு நீர்க்கரடியின் ஆர்என்ஏவில் தடயமே இல்லை. உங்கள் ஜீனோமில் அப்படி ஒரு வியப்பான மரபணு கிடைத்தால், அதே துண்டில் பக்கத்தில் இருப்பது யாருடைய மரபணு, அதில் இன்ட்ரான் (மரபணுவின் நடுவே வந்து ஆர்என்ஏவில் வெட்டி நீக்கப்படும் பகுதி; பாக்டீரியா மரபணுக்களில் பொதுவாக இருக்காது) உண்டா, அது வெளிப்படுகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றையும் பார்க்க உங்கள் கையில் இருக்கும் டேட்டாவே போதும்.